அப்பா ஏன் தண்ணீர் கேட்பதில்லை?

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எனக்கு வயது 48. விருதுநகரில் அலுவலக வேலை. அப்பாவுக்கு 76, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 5 மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், நினைவு தெளிவாக இருக்கிறது. அம்மா இல்லை. துடைத்துவிடுவது, டயபர் மாற்றுவது எல்லாம் என் மனைவிதான். ஏஜென்சி மூலம் ஆள் வைத்துப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. இங்கே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 3 மாத ஹோம் நர்சிங் பயிற்சி, பகல் நேர வகுப்பு, நடக்கிறது. மனைவியைச் சேர்த்துவிட்டால் எல்லாவற்றையும் முறையாகக் கற்றுக்கொள்வாள். ஆனால் தயங்குகிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? மற்றபடி அப்பாவால் பெரிய தொந்தரவு இல்லை. முன்பு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பவர் இப்போது கேட்பதே இல்லை, அதனால் டயபர் செலவும் குறைந்திருக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர்)

பதில்: தம்பி, உங்கள் மனைவியைச் சம்மதிக்கவைக்க என்னிடம் வழி கேட்காதீர்கள், அதற்கு நான் உதவப் போவதில்லை. மாமனாருக்கு முடியவில்லை, மாமியார் படுத்துவிட்டார், மருமகளுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் மகன்தான். அதற்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்கு முன்னால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தண்ணீர் கேட்பதே இல்லை என்கிறீர்கள். டயபர் செலவு குறைந்துவிட்டது என்று அதை ஒரு நல்ல செய்தி போலச் சேர்த்திருக்கிறீர்கள்.

சொம்பு சொம்பாகக் குடித்த மனுஷனுக்கு, விருதுநகர் வெயிலில், தாகம் எங்கே போயிற்று? வயதானால் தாகம் கொஞ்சம் மட்டுப்படும், உண்மைதான். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிக்கல் வந்து, புரை ஏறும் பயத்தில் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு, அதை முதலில் சோதித்துவிட வேண்டும், எப்படி என்று பிறகு சொல்கிறேன். ஆனால் நினைவு தெளிவாக இருக்கிற, ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்திய ஒருவர், தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் மருமகள் வந்து வேட்டியை விலக்க வேண்டும், அதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆண்கள் வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காலையில் வைத்த டம்ளர் மத்தியானமும் அப்படியே இருக்கும், கேட்டால் தாகமில்லை சிஸ்டர் என்பார்கள். மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அதே ஆள் இரண்டு டம்ளர் குடிப்பார்.

இது கூச்சம்தானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி நாறும், சிறுநீர்த் தொற்று வரும், மலம் இறுகும், உடம்பில் ஈரம் குறைந்து தோல் சீக்கிரம் புண்ணாகும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் திடீரென்று உளறுவது, ஆள் மாற்றிப் பேசுவது, பகலெல்லாம் தூங்குவது என்று ஆரம்பிக்கும், வீட்டில் எல்லோரும் வயசாயிடுச்சு, மூளை மங்குது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். டயபரில் மிச்சம் பிடித்த பணம் ஒரே ஒரு ஆஸ்பத்திரி அட்மிஷனில் போய்விடும், அப்பாவும் அதில் பாதி ஆளாகத் திரும்பி வருவார்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். ஏஜென்சி, சம்பளம், இன்ஸ்டிட்யூட், மனைவியின் தயக்கம் எல்லாம் இருக்கிறது. அப்பாவுக்காக உங்கள் கையால் செய்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை. தம்பி, பெற்றவரின் உடம்பைத் தொட்டுத் துடைப்பது முதலில் பிள்ளையின் கடமை. மருமகள் செய்கிறார் என்றால் அது அவருடைய நல்ல மனது, அதற்கு நீங்கள் நன்றியோடு இருக்க வேண்டும், அதை அவர் பெயரில் எழுதிவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கொள்ளி போட மகன் வேண்டும் என்று அடித்துப் பேசுகிற ஊர் நம் ஊர். உயிரோடு இருக்கும்போது துடைத்துவிடவும் அதே மகன்தான் முதலில் வந்து நிற்க வேண்டும். ஆம்பளைக்கு இதெல்லாம் வராது என்று சொல்லாதீர்கள். ஆண் நர்ஸ்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், யாரும் இதைப் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள் இல்லை.

உங்கள் அப்பாவுக்குத் தேவையானதைக் கற்க 3 மாதம் வேண்டாம். ஒரு யூரினலில் ஆரம்பியுங்கள். மருந்துக் கடையில் ஆண்களுக்கான பிளாஸ்டிக் யூரினல் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு பாக்கெட் டயபரைவிட விலை குறைவு. அப்பாவுக்குச் சிறுநீர் வருவது தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். நினைவு தெளிவாக இருக்கிறவருக்குத் தெரிய நிறைய வாய்ப்பு உண்டு. எழுந்தவுடன், சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன், நடுவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே யூரினலை வையுங்கள். விழுந்தது வலது பக்கம்தானே, இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? கட்டிலின் இடது பக்கம் கைக்கு எட்டும்படி மாட்டிவைத்துப் பழக்கினால் பகலில் அவரே பிடித்துக்கொள்ளக்கூடும். அப்புறம் யாருக்காகவும் அவர் தாகத்தை அடக்க வேண்டியதில்லை. மலத்துக்கும் இதே மாதிரி ஒரு நேரம் வையுங்கள். காலை காபி, டிபன் முடிந்த அரை மணிக்குள் குடல் தானாக வேலை செய்யும், அப்போது கமோடு நாற்காலியில் உட்காரவைத்தால் பாதி நாள் டயபருக்கு வேலையே இருக்காது. நீங்கள் அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் வருகிற நேரம்தான் அது.

விழுங்குவதைச் சோதிப்பது இப்படி. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, ஒரு ஸ்பூன் தண்ணீர், பிறகு ஒரு சின்ன மிடறு. இருமுகிறாரா, குரல் ஈரம் கோத்தது மாதிரி கரகரக்கிறதா, கண்ணில் நீர் வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லி, விழுங்கும் பயிற்சி கொடுப்பவரைப் பார்க்க வேண்டும், சிலருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். இட்லி நன்றாக இறங்குகிறது என்று தைரியமாக இருக்காதீர்கள், இவர்களுக்குத் திடப் பொருளைவிடத் தண்ணீர்தான் அதிகம் புரை ஏறும். சிக்கல் இல்லையென்றால் இருதயம், கிட்னி இரண்டையும் மனதில் வைத்து ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு, அதில் பெரும்பகுதியைப் பகலிலேயே கொடுத்துவிடுங்கள், ராத்திரித் தூக்கம் கெடாது. யூரினலில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். சாப்பிட்டதும் படுக்கவிடாமல் அரை மணியாவது உட்காரவையுங்கள். வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும், அவருக்கே தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

துடைத்துவிடும்போது கதவைச் சாத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள், துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடிவைக்க வேண்டும். முகத்தில் தொடங்கிக் கீழே வந்து, மறைவிடத்தைக் கடைசியில், வேறு தண்ணீர் மாற்றிச் செய்ய வேண்டும். அங்கே முன்தோலை மெதுவாகப் பின்னே தள்ளிக் கழுவிவிட்டு மறுபடி முன்னே கொண்டுவந்துவிடுங்கள், மறந்தால் இறுகி வீங்கிக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எந்த மருமகள் மாமனாருக்கு இதைக் கூச்சமில்லாமல் செய்வார், எந்த மாமனார் செய்யவிடுவார், நீங்களே சொல்லுங்கள். 5 மாதமாக அந்த இடம் சரியாகக் கழுவப்படாமல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தொற்றுக்கு அதுவும் ஒரு வழி.

அதே நேரத்தில் தோலையும் பாருங்கள். வால் எலும்புப் பகுதி, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், தோள்பட்டை. சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள், நிறம் வெளிறித் திரும்பாவிட்டால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சூடாகவோ கல் மாதிரியோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, பவுடர் கொட்டக் கூடாது, நடுவில் ஓட்டை வைத்த ரிங் தலையணையும் வேண்டாம். படுக்கையில் இருக்கிற நேரம் முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதுதான் வைத்தியம். ஒருவராக இழுத்துப் புரட்டினால் அவர் தோலும் உரியும், புரட்டுகிறவர் இடுப்பும் போகும். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு போர்வையை நாலாக மடித்து அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

வலது கையைப் பிடித்து ஒருநாளும் இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் சதைப்பிடிப்பு இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும், ஒரு இழுப்பில் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக் கணக்கில் போகாது. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

இதையெல்லாம் யாரிடம் நேரில் பழகுவது? முதலில் உங்கள் மனைவியிடம். 5 மாதம் தனியாகச் செய்தவருக்கு உங்கள் அப்பாவின் உடம்பு இன்ஸ்டிட்யூட் வாத்தியாரைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாரம் லீவு போட்டு அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்கே வருகிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர்கள் வருகிற அன்றும் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், படுத்துவிட்டவர்களைப் பார்த்துக்கொள்வதை அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் ஊர் ஊராகப் பரவியது. அவர்கள் யாரோ ஒருவரின் அப்பாவுக்குச் செய்கிறார்கள், உங்களுக்குச் சொந்த அப்பா.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அதில் பாதிப் பேரின் வீட்டாருக்கு மறுவாழ்வுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்துப் பார்த்தார்கள், முடிவு 2017-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறப்பும் குறையவில்லை, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் குறையவில்லை. ஆகவே மனைவி சர்டிபிகேட் வாங்கிவந்தால் அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்று அவர் தலையில் ஒரு பாரத்தை ஏற்றாதீர்கள். புண் இல்லாமல், தொற்று இல்லாமல், தாகம் தீரக் குடித்து, கூச்சமில்லாமல் அப்பா இருக்க வேண்டும், நீங்கள் கற்பது அதற்குத்தான். மூக்குக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, ஊசி குத்துவது எதையும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். எட்டு மணி நேரம் சிறுநீர் வரவில்லை, காய்ச்சல், புதிதாக உளறல், தோல் கிழிந்த புண் என்றால் அன்றே டாக்டர். முகம் மறுபடி கோணினாலோ இன்னொரு கை விழுந்தாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108.

அந்த 3 மாத வகுப்பு விஷயம். உங்கள் மனைவிக்கு வெளியே வேலைக்குப் போக விருப்பம் இருந்து, அதற்காகச் சேர ஆசைப்பட்டால் சேரட்டும், பணத்தை நீங்கள் கட்டுங்கள். மாமனாருக்காக அவரைத் தள்ளிவிடாதீர்கள். அவர் தினமும் பகலில் வகுப்புக்குப் போனால் அந்த 3 மாதமும் உங்கள் அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதத்தில் எங்கேயும் நீங்கள் எழுதவில்லை. அவர் ஏன் தயங்குகிறார் என்று உங்களுக்கு இன்னுமா புரியவில்லை?