முதுகுவலின்னு போனா உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தே ஆகணுமா?

அவசியமில்லைங்க. ஆனா நீங்க வயசும் சொல்லல, வலி எப்படி வந்துச்சுன்னும் சொல்லல. கீழ விழுந்திருந்தாலோ, காலுல பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறது கட்டுப்பாட்டுல இல்லன்னாலோ, காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலோ, முன்னால கேன்சர் வந்திருந்தாலோ இதைப் படிச்சுட்டு இருக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. சும்மா குனிஞ்சு நிமிர்ந்ததுல பிடிச்சுக்கிட்ட வலின்னு நானா வெச்சுக்கிட்டுச் சொல்றேன்.

எங்கப்பா கோபி பக்கம் விவசாயி. அறுபதைத் தாண்டியும் மாட்டுக்குச் சோளத்தட்டு அவரேதான் தூக்கிப் போடுவாரு. ஒருநாள் தட்டுக்கட்டோட கட்டுத்தரையில அப்படியே உக்காந்துட்டாரு. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி. முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கல, ஸ்கேனுக்கு எழுதிட்டாங்க. ரிப்போர்ட்ல 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற தட்டு கொஞ்சம் வெளிய பிதுங்கியிருக்குன்னு. உடனே ஆபரேஷன் பேச்சு. "ஆறு வாரம் பொறுத்துப் பாத்தா என்னங்க ஆகும்?"னு கேட்டேன். அதுக்குப் பதில் இல்ல, முறைப்புத்தான். எங்க மாமன் வேற, "ஏனுங் மாப்ள, பெத்தவருக்குப் போயி காசு பாக்கறீங்களா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டாரு.

ஈரோட்டுல இன்னொரு எலும்பு டாக்டர் அப்பாவைக் குதிகால்ல நடக்கவெச்சாரு, படுக்கவெச்சுக் காலைத் தூக்கிப் பாத்தாரு, முட்டியில சுத்தியல்ல தட்டினாரு. அப்புறந்தான் ஸ்கேனைக் கையில வாங்கினாரு. "படுத்தே கெடக்காதீங்க, நடங்க"ன்னு சொல்லி, கொஞ்ச நாளைக்கு மாத்திரை, பிசியோதெரபி, அவ்வளவுதான். அடுத்த நடவுக்கு அப்பா வயல்ல நின்னாரு.

இது எங்கப்பா அதிர்ஷ்டம்னு சொல்றவங்களுக்கு: வலியே இல்லாத ஆளுங்களோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 60 வயசுக்காரங்கள்ல 100-க்கு 69 பேருக்கு இதே பல்ஜ். 20 வயசுலயே 30 பேருக்கு. தலை நரைக்கிற மாதிரிதான் அதுவும். ஆபத்து அறிகுறி இல்லாத முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் வேண்டாம்னு அமெரிக்க டாக்டர் சங்கங்களே 2012-லிருந்து சொல்லிட்டு வர்றாங்க.

டாக்டருங்க யாரும் சண்டைக்கு வராதீங்க. ஆபரேஷனே கூடாதுன்னு நான் சொல்லல. எங்க சித்தப்பாவுக்குக் கால் இழுத்துக்கிட்டப்ப ஆபரேஷன்தான் காப்பாத்துச்சு.

எனக்கு ஆத்தாமை இன்சூரன்ஸ்காரங்க மேல. ஆபரேஷன் பண்ணியிருந்தா பணம் வந்திருக்குமாம். பிசியோதெரபிக்கு ஒரு ரூபா கிடையாது, 24 மணி நேரம் ஆஸ்பத்திரி பெட்ல படுத்திருந்தாத்தான் தருவாங்களாம். கிளெய்மே போடல, ஆனாலும் இந்த வருசம் பிரீமியத்தை ஏத்திட்டாங்க. கேட்டா, அப்பாவுக்கு வயசு கூடிருச்சுங்கறாங்க.