மஞ்சள் பாலில் மிளகு போட்டால்தான் மஞ்சள் உடம்பில் சேருமா?

மிளகு உதவுகிறது, அது உண்மைதான். ஆனால் எப்படி உதவுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

மஞ்சளில் எல்லோரும் பேசுகிற சரக்கு குர்குமின். மஞ்சள்தூளில் அது 3 சதவீதம் போலத்தான் இருக்கும். தண்ணீரில் கரையாது, பாலோ நெய்யோ இருந்தால் கொஞ்சம் தேவலை. குடல் சுவரைத் தொட்டதுமே அங்குள்ள நொதிகள் அதன்மேல் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டிவிடும். அங்கே தப்பியதைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். ஒட்டியபின் அது நீரில் கரையும், பித்தத்தோடும் சிறுநீரோடும் போய்விடும். மூலிகையில் வந்ததா, ஆலையில் செய்ததா என்றெல்லாம் கல்லீரல் பார்க்காது.

மிளகிலுள்ள பைப்பரின் இந்த ஒட்டுகிற வேலையை மட்டுப்படுத்துகிறது. மிளகு சேர்த்தால் குர்குமின் உடம்பில் சேர்வது '2000 சதவீதம் கூடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கணக்கு, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்டது. 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தார்கள். அந்தப் பைப்பரினுக்கு ஏழெட்டு மிளகு போதும், சரி. குர்குமினுக்கு? 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும்! யார் வீட்டுப் பாலில் அவ்வளவு போடுகிறார்கள்? அதோடு, மிளகு இல்லாதபோது ரத்தத்தில் தென்பட்டதே சொற்பம். அதன் பல மடங்கும் பெரிய அளவாகிவிடாது.

அப்புறம், பைப்பரின் குர்குமினை மட்டும் காப்பாற்றுவதில்லை. பல மாத்திரைகளை உடைக்கிற சிஒய்பி 3ஏ4 என்ற கல்லீரல் நொதியையும் அது தடுக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரொப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை ரத்தத்தில் கூடியதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம் இதையே சாதகமாக்கியது: பைப்பரின் சேர்த்தால் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் 450 மி.கி.க்குப் பதில் 200 மி.கி. போதும் என்று ஒரு மாத்திரையே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

அதனால் பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூளுக்குப் பயப்பட வேண்டாம், தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். எனக்கு உறுத்துவது பைப்பரின் சேர்த்த குர்குமின் காப்ஸ்யூல்கள்தான். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பதிவுகள் உண்டு. வலிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ தினமும் மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், டப்பாவின் பின்பக்கத்தில் பைப்பரின் எத்தனை மி.கி. என்று பார்த்து, வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.