அப்பாவிடமிருந்து ஜீன், அத்தோ கடையிலிருந்து தொப்பை: ஃபேட்டி லிவர் கேள்வி-பதில்

எண்ணூர் தொடங்கி ராயபுரம் வரை, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃபேட்டி லிவர் பற்றித்தான். அதிலும் "இது பரம்பரையா டாக்டர்?" என்ற ஒரே சந்தேகம் ஆளுக்கொரு விதமாக வந்திருக்கிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு பங்கு, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருவொற்றியூர், 34: நான் ஒல்லி. 5 அடி 7 அங்குலம், 61 கிலோ. குடிப்பழக்கம் கிடையாது. ஆபீஸ் செக்கப்பில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று வந்துவிட்டது. அப்பாவும் குடிக்காதவர், ஆனால் லிவர் சுருங்கித்தான் இறந்தார். "ரகசியமா குடிச்சிருப்பாரு" என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா?

முதலில் அந்தச் சொந்தக்காரர்களுக்குப் பதில். ஒரு சொட்டு தொடாதவருக்கும் லிவர் சுருங்கும், சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் சேர்ந்து பல வருடம் ஓடினாலே போதும். மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அதே வேலையைச் செய்யும், அதனால் பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அப்பாவுக்கு அவை பார்த்தார்களா என்று தேடுங்கள். ஹெபடைடிஸ் பி டெஸ்ட் நீங்களும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள்.

இப்போது ஜீன். 2008-இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவுக்கும் லிவர் கொழுப்புக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது தயாரிக்கும் புரதத்தில் 148-ஆவது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், சிலருக்கு அங்கே மெத்தியோனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் மாறிப்போன புரதம், வேலை முடிந்ததும் வழக்கம்போல உடைந்து அழியாமல், லிவர் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகள் மேலேயே படிந்துவிடுகிறது, கொழுப்பைக் கரைக்க வேண்டிய இன்னொரு நொதிக்கு உதவியாளாக இருக்கும் புரதத்தையும் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் கொழுப்பு எப்படிக் கரையும்? அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த வடிவம் வந்தவர்களுக்கு, ஒன்றுகூட வராதவர்களைவிட லிவர் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததை டல்லாஸ் ஆய்வு காட்டியது. மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் இது மிக அதிகம், ஆனாலும் நம் ஊரிலும் அபூர்வமானது இல்லை. ஒல்லியான ஒருவருக்கு ஃபேட்டி லிவர் வரும்போது முதலில் சந்தேகப்படும் ஜீன்களில் இது ஒன்று.

ஆனால் நீங்கள் உண்மையிலேயே ஒல்லியா? எடையை எழுதியவர் இடுப்பளவை எழுதவில்லை. டேப்பைத் தொப்புளுக்கு நேராக வைத்துப் பாருங்கள், பேன்ட் சைஸ் கணக்கில் வராது, ஏனென்றால் நாம் எல்லோரும் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதைத் தாண்டினால் கையும் காலும் குச்சியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். நம் ஆட்களிடம் இந்த உடல்வாகு ரொம்பச் சகஜம்.

கடைசியாக ஒன்று, இதுதான் உங்களுக்கு முக்கியம். ஃபேட்டி லிவரால் லிவர் சுருங்கியவர்களின் நெருங்கிய ரத்த உறவினர்களுக்கு, மற்றவர்களைவிட லிவரில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு சுமார் 12 மடங்கு என்று கலிபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. கிரேடு 1, கிரேடு 2 என்பதெல்லாம் கொழுப்பின் அளவு, தழும்பைப் பற்றி ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த கிரேடு எதுவும் சொல்லாது. நீங்கள் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவு பாருங்கள், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரம்பூர், 47: கொலஸ்ட்ரால் எல்லாம் நார்மல், டாக்டரே பாராட்டினார். அப்புறம் எப்படி லிவரில் மட்டும் கொழுப்பு?

சில பேருக்கு அப்படித்தான். டிஎம்6எஸ்எஃப்2 என்று இன்னொரு ஜீன், 2014-இல் தெரிய வந்தது. லிவர் கொழுப்பை மூட்டை கட்டி ரத்தத்துக்குள் அனுப்பும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. இதில் மாற்றம் இருந்தால் மூட்டை சரியாகக் கட்டப்படாது, சரக்கு குடோனிலேயே தங்கிவிடும். அதனால் ரத்த ரிப்போர்ட் அழகாக இருக்கும், மாரடைப்பு அபாயம்கூடக் கொஞ்சம் குறையும், லிவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கொலஸ்ட்ரால் நார்மல் என்பதை லிவருக்குக் கொடுத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வியாசர்பாடி, 29: ஜீன் டெஸ்ட் பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா?

வேண்டாம். ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் எழுதிக்கொடுக்கப் போகும் சீட்டு மாறாது. அந்தக் காசில் லிவர் என்சைம்களான ஏஎஸ்டி, ஏஎல்டி, கூடவே ரத்தத்தில் பிளேட்லெட், மூன்றும் பாருங்கள், வயதையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, போனிலேயே போடலாம். 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை, அதனால் உங்களுக்கு டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. பெற்றோர் இருவருக்கும் போட்டுப் பாருங்களேன். 65 தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதிலாக 2 வரை போகலாம்.

காசிமேடு, 41: அண்ணன் தினமும் குடிக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை. நான் வாரத்தில் நாலு நாள் ஒரு குவார்ட்டர்தான், எனக்கு மட்டும் லிவர் வீக்கமாம். என்ன நியாயம்?

நியாயம் இல்லைதான். முதல் கேள்வியில் சொன்ன பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் இரண்டு பக்கமும் இருப்பவர் குடித்தால், அது இல்லாத குடிகாரரைவிட லிவர் சுருங்கும் அபாயம் மூன்று, நான்கு மடங்கு போகும். ஒரே வயிற்றில் பிறந்தாலும் இருவருக்கும் ஒரே ஜீன் வடிவம் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: எச்எஸ்டி17பி13 என்ற ஜீனில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு லிவருக்கு ஓரளவு பாதுகாப்பே கிடைக்கிறது, இது 2018-இல் வெளியான விஷயம். உங்கள் அண்ணனுக்கு அது இருக்கலாம், அல்லது அவர் இன்னும் டெஸ்ட் எடுக்காமல் இருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

"ஒரு குவார்ட்டர்தான்" என்ற அந்த "தான்" பற்றியும் பேச வேண்டும். 180 மில்லி சரக்கில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். வாரத்துக்கு நாலு என்றால் 240. ஆண்களுக்கு வாரம் 210 கிராம் தாண்டினாலே இது வெறும் ஃபேட்டி லிவர் இல்லை, குடியும் சேர்ந்த நோய் என்றுதான் கணக்கு வைப்போம். லிவர் வீங்கிய பிறகு பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை தம்பி, நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் வீட்டிலேயே சமாளிக்காமல் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொருக்குப்பேட்டை, 38: என் பெண்ணுக்கு 12 வயது, ஒல்லி. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், எஸ்ஜிபிடி (ஏஎல்டி) 140. "வளர வளர சரியாயிடும்" என்கிறார்கள். நான் என் தாய்மாமாவைத்தான் கட்டியிருக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது.

பயப்பட்டது நல்லது அம்மா. ஒல்லியான குழந்தைக்கு இப்படி வந்தால், சும்மா விட்டுவிடக் கூடாது. இதில் வில்சன் நோயைத் தேடியே ஆக வேண்டும். ஏடிபி7பி என்ற ஜீனில் கோளாறு, உடம்பில் சேரும் தாமிரம் பித்தத்தோடு வெளியே போகாமல் லிவரில் தங்கி, பிறகு மூளைக்கும் போகும். ஆரம்பத்தில் ஸ்கேனில் பார்த்தால் அச்சு அசல் ஃபேட்டி லிவர்தான். இதுவரை பேசிய ஜீன்கள் எல்லாம் அபாயத்தைக் கூட்டிக் குறைப்பவை, இது அப்படி இல்லை, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு பழுதான பிரதிகள் வந்தால் நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் அதே பழுது ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நம் பக்கம் பல வீட்டில் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் வைத்துக் கருவிழி ஓரத்தில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது. வளையம் இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படியே உறுதியானாலும் மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எல்லாம் உண்டு. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அறிகுறி இல்லாவிட்டாலும் டெஸ்ட் எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

மணலி, 45: ஜீனே சரியில்லை என்றால் டயட் இருந்து என்ன பயன்? கம்பெனியில் நைட் ஷிஃப்ட், வெளியே வந்தால் பரோட்டா, பர்மா உணவுகளான அத்தோ, பேஜோ தவிர வேறு எதுவும் திறந்திருப்பதில்லை.

தலைகீழாக யோசிக்கிறீர்கள். எடை கூடக் கூடத்தான் பிஎன்பிஎல்ஏ3 ஜீனின் ஆட்டம் பெரிதாகிறது, ஒல்லியாக இருப்பவரிடம் அதே ஜீன் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். எடையைக் குறைத்தபோது, அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு லிவர் கொழுப்பு மற்றவர்களைவிட நன்றாகவே இறங்கியதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், 7 முதல் 10 வரை போனால் வீக்கமும் தணியும். 80 கிலோ ஆள் 6 கிலோ குறைத்தால் போதும், அதுவும் ஆறு மாதத்தில் நிதானமாக. அத்தோவை வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போடும் பொரித்த தட்டையைக் கம்மியாகக் கேளுங்கள். நான் அதை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஷிஃப்டுக்கு நடுவில் குடிக்கும் டீயில் சர்க்கரையை முதலில் வெட்டுங்கள், கூல்டிரிங்ஸை மொத்தமாக. சர்க்கரை போடாத காபி லிவருக்கு நல்லதுதான். காசிமேட்டு மத்தி, நெத்திலி குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம், கூட இருக்கும் சோற்று மலையைத்தான் குறைக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை, 56: ஜீனைச் சரிசெய்ய மருந்து வந்துவிட்டதா?

இன்னும் இல்லை. பிஎன்பிஎல்ஏ3-ஐ அமைதியாக்கும் ஊசிகள் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. 2024-இல் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025-இல் செமாக்ளூடைடு ஊசிக்கும் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் தழும்பு ஓரளவு விழுந்த, ஆனால் சுருங்கும் நிலைக்குப் போகாத லிவருக்கு மட்டும். இரண்டும் ஜீனைத் தொடுவதில்லை. நீங்கள் மாதவிடாய் நின்றுபோன பெண் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வயதில் இந்த ஜீனின் தாக்கம் பெண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது, அதனால் மருந்துக்குக் காத்திருக்காமல் ஃபிப்-4 கணக்கைப் போட்டு எனக்கு எழுதுங்கள்.