சபலென்காவும் மெல்போர்னும்

அன்புள்ள சார்,

டென்னிஸில் ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாமுக்கு (நான்கு பெரிய போட்டிகளுக்கு) முன்பும் பெண்கள் பிரிவில் சபலென்காவுக்குத்தான் கோப்பை என்று எழுதுகிறார்கள். போன வருஷம் மெல்போர்ன் இறுதியில் தோற்றார், பாரிஸ் இறுதியில் தோற்றார், விம்பிள்டனில் அரையிறுதியோடு சரி. வருஷக் கடைசியில் ரியாத்தில் நடந்த டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் இறுதியிலும் தோல்வி. நம்பர் ஒன் என்பதற்காகத் திரும்பத் திரும்ப அவர் பெயரையே சொல்வது சோம்பேறித்தனம் இல்லையா? 2026 ஜனவரி 18ஆம் தேதி மெல்போர்னில் தொடங்கும் ஆஸ்திரேலிய ஓபனுக்கு நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டென்னிஸ் கணிப்புகளில் சோம்பேறித்தனம் உண்டுதான். ஆனால் சபலென்கா விஷயத்தில் இல்லை. உங்கள் பட்டியலில் நியூயார்க் விட்டுப்போயிருக்கிறது. செப்டம்பரில் அங்கே அனிசிமோவாவைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியவர் இவர்தான். பாரிஸின் களிமண்ணையும் விம்பிள்டன் புல்லையும் ஒதுக்கிவிட்டு ஹார்ட் கோர்ட்டை (கடினத் தரையை) மட்டும் பாருங்கள். 2023 முதல் மெல்போர்னிலும் நியூயார்க்கிலுமாக நடந்த 6 கிராண்ட் ஸ்லாம்களிலும் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறார், அதில் 4 கோப்பைகள். தோற்ற இரண்டும் (2023ல் காஃபிடம், 2025ல் மேடிசன் கீஸிடம்) மூன்றாவது செட் வரை போனவை. 128 பேர் இறங்கும் போட்டியில் இப்படி விடாமல் கடைசி நாள் வரை வருகிறவரை முதலில் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

இதே ஆள் 2022 ஜனவரியில் அடிலெய்டில் சர்வைக் கட்டத்துக்குள் போட முடியாமல், பந்தைக் கீழ்க்கையால் தட்டிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வருஷம் 400க்கு மேல் டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயின்ட்டை இழப்பது). பிறகு கேவின் மெக்மிலன் என்கிற உடலியக்க நிபுணர் அவருடைய சர்வைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினார். அடுத்த ஜனவரியில் மெல்போர்ன் கோப்பை கைக்கு வந்தது. அதனால்தான் ரேங்கிங்கைவிட இரண்டாவது சர்வைப் பார்ப்பது என் வழக்கம். 30-40ல், அதாவது இன்னும் ஒரு பாயின்ட் போனால் கேமே போய்விடும் என்ற நிலையில், முதல் சர்வ் வலையில் விழுந்த பிறகு, பந்தைத் தூக்கிப்போடும் கை தயங்குகிறதா, பந்து தலைக்குப் பின்னால் போகிறதா என்று கவனியுங்கள். பல நேரங்களில் அந்த கேம் எப்படி முடியும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கில்தான் கோகோ காஃப் எனக்கு இடிக்கிறார். 2025ல் டபுள் ஃபால்டில் அவர்தான் முதலிடம். அதோடுதான் பாரிஸில் சபலென்காவை வென்றார் என்பது உண்மை. களிமண்ணில் சர்வைப் பறிகொடுத்தாலும் ஓடி ஓடிப் பந்தைத் திருப்பி அடுத்த கேமில் மீட்டுக்கொள்ளலாம், மெல்போர்னில் அது அவ்வளவு சுலபமில்லை. போன ஆகஸ்டில் அவரும் அதே மெக்மிலனிடம்தான் போனார். வேலை இன்னும் முடிந்ததாகத் தெரியவில்லை.

ஸ்வியாடெக்குக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் பாக்கி இருப்பது இது ஒன்றுதான். போன வருஷம் முதல் 5 ஆட்டங்களில் மொத்தமே 14 கேம்களை விட்டுக்கொடுத்துவிட்டு அரையிறுதிக்கு வந்தார். மூன்றாவது செட்டில் மேட்ச் பாயின்ட்டும் கையில் இருந்தது. கீஸ் அதிலிருந்து தப்பித்து, டைபிரேக்கை (செட் 6-6 ஆனால் ஆடும் தீர்வு ஆட்டத்தை) 10-8 என்று முடித்தார். பந்து வேகமாக, தாழ்வாக வந்தால் ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்டுக்கு நேரம் போதாமல் போகும். அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. விம்பிள்டனில் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று துடைத்தெறிந்ததைச் சொல்வீர்கள். அன்று எதிரே இருந்தவருக்குக் கையே ஓடவில்லை, அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

கீஸ் 2025க்கு முன் ராக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து ஜெயித்தவர். கோப்பையைத் தக்கவைப்பது வேறு சமாச்சாரம். அனிசிமோவா அடிக்கிற அடிக்கு ஒரு நாள் வாங்கிவிடுவார், இந்த முறை இல்லை.

என் ஓட்டு எலினா ரைபகினாவுக்கு. ரியாத்தில் சபலென்காவை 6-3, 7-6 என்று தோற்கடித்தார், அந்த டைபிரேக் 7-0. நம்பர் ஒன்னுக்கு ஒரு பாயின்ட்கூடக் கிடைக்கவில்லை. 2025ல் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) எண்ணிக்கையில் முதலிடமும் இவருக்கே. முகத்தில் சலனமே இருக்காது, இரண்டாவது சர்வுக்கு நிற்கும்போதும் அதே முகம்தான். ஆபத்து முதல் வாரத்தில். 2024ல் இதே மெல்போர்னில் இரண்டாவது சுற்றில் பிளின்கோவாவிடம் 22-20 என்ற டைபிரேக்கில் வெளியேறியவர் இவர்.

முழு முடிவை டிராவை (யாருக்கு எதிரே யார் என்ற அட்டவணையை) பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். ரைபகினா தரவரிசையில் முதல் நால்வரில் இல்லாததால், காலிறுதியிலேயே சபலென்கா எதிரே வந்து நிற்கலாம். வந்தால், எனக்கு இறுதிப் போட்டி அதுதான். அது இரவு ஆட்டமாக இருந்தால் நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், லீவு சொல்லிவிடுங்கள்.