நம்ம கம்பெனிக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமா, டாலியிலேயே போட முடியுமா?

5 கோடி டர்ன்ஓவர் தாண்டிருச்சு, இனி இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல (பில்லைப் பதிவு பண்ற அரசு வெப்சைட்) உக்காந்து ஒவ்வொரு பில்லா டைப் பண்ணணுமானு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க.

2023 ஆகஸ்ட் 1-லருந்து 5 கோடிக்கு மேல போனவங்களுக்கு கட்டாயம், அதுவும் இந்த வருஷ கணக்கு மட்டும் இல்ல, 2017-18-லருந்து ஏதாவது ஒரு வருஷம் தாண்டியிருந்தாலே போதும், ஒரே பான் நம்பர்ல ரெண்டு மூணு ஸ்டேட்ல ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தா எல்லாத்தையும் கூட்டித்தான் பாக்கணும், நெறைய பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. கடைக்கு வர்ற சாதாரண கஸ்டமர் பில்லுக்கு இது கெடையாது, ஜிஎஸ்டி நம்பர் உள்ளவங்களுக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும்தான்.

டாலி பிரைம் மாதிரி சாஃப்ட்வேர்ல பில்லை சேவ் பண்ணதும் அதுவே டேட்டாவை போர்ட்டலுக்கு அனுப்பி, 64 எழுத்துள்ள ஐஆர்என் நம்பரும் (அந்த பில்லுக்கான தனி பதிவு எண்) கியூஆர் கோடும் வாங்கி பில்லுலயே பிரிண்ட் பண்ணிரும், சரக்கு கொண்டு போறதுக்கான இ-வே பில்லும் அதோடயே எடுத்துக்கலாம், விற்பனை விவரம் காட்டற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்லயும் தானா ஏறிரும்.

ஆனா மொதல்ல சாஃப்ட்வேர்ல இருக்கற பார்ட்டி மாஸ்டரையும் (கஸ்டமர் விவரங்கள்) பொருள் விவரங்களையும் சுத்தம் பண்ணுங்க, ப்ளீஸ். பின்கோடு தப்பா இருக்கும், எச்எஸ்என் (பொருளோட வகைக் குறியீடு) 6 டிஜிட் இல்லாம 4-தான் இருக்கும், லாரி வாசல்ல நிக்கும்போது பில் ரிஜெக்ட் ஆகும், எங்க ஆபீஸ்லயே மொத வாரம் இதே கததான்.

தப்பா போட்டா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம், ஆனா அதே பில் நம்பரை திரும்ப யூஸ் பண்ண முடியாது. நேரம் போயிருச்சுன்னா கிரெடிட் நோட் (பில் தொகையைக் கொறைக்கற சீட்டு) தான். டர்ன்ஓவர் 10 கோடிக்கு மேலன்னா பில் தேதிலருந்து 30 நாளுக்குள்ள போர்ட்டல்ல ஏத்திரணும்.