சுழி அடைக்காத நிப்பு

அன்புள்ள ஐயா,

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரவில் வீட்டு வேலை முடிந்தபிறகு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் நான்கு பக்கம், கோடு போட்ட சாதாரண நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில். ஆறு மாதமாகக் கட்டைவிரலின் அடியில் வலி. மைப்பேனாவுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன், மூவாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தங்க நிப்பு வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று உடன் வேலை செய்யும் ஆசிரியர் சொல்கிறார். எதை வாங்கலாம்?

வி.

அன்புள்ள வி.,

தங்க நிப்பு வேண்டாம். அந்தக் காலத்து மைகளில் அமிலம் அதிகம், சாதாரண எஃகை அரித்துவிடும், அதனால் தங்கம் தேவைப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் மைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பே தாராளம். அதோடு, தங்க நிப்பாக இருந்தாலும் அதன் நுனியில் தங்கம் இருக்காது, வேறொரு கடினமான உலோகத்தில் கடுகைவிடச் சின்ன மணி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். தாளைத் தொடுவது அந்த மணிதான்.

பேனாவின் பெயரைவிட நிப்பின் பருமனைத்தான் நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் எழுத்து முழுக்கச் சுழி. ‘ண’வுக்கு மூன்று, ‘ன’வுக்கு இரண்டு. சாதாரண நோட்டுத் தாளில் மை கொஞ்சம் ஊறிப் பரவும், அதில் தடித்த நிப்பால் பொடியாக எழுதினால் சுழிகள் அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாக ஆகிவிடும். நான் ஒரு மீடியம் நிப்பில் முழு அத்தியாயம் ஒன்றை எழுதி முடித்து, இரண்டு மாதம் கழித்துத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது ஓர் இடத்தில் ‘மணம்’ என்று எழுதினேனா ‘மனம்’ என்று எழுதினேனா என்று எனக்கே தெரியவில்லை, அந்த வாக்கியத்தில் இரண்டுமே பொருந்தின. அன்றிலிருந்து அதைவிட மெல்லிய ஃபைன் நிப்புதான்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஜப்பான் பேனாக்களில் ஃபைன் என்று போட்டிருப்பது ஐரோப்பியப் பேனாக்களின் ஃபைனைவிட மெல்லியதாக இருக்கும். ஆகவே உங்கள் தொகைக்குள் பைலட் மெட்ரோபாலிட்டன் வாங்கினால் ஃபைன் கேளுங்கள், லாமி சஃபாரி வாங்கினால் எக்ஸ்ட்ரா ஃபைன். சஃபாரி 1980இல் ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த பேனா, விரல் சரியான இடத்தில் உட்காரட்டும் என்று பிடியை முக்கோணமாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தப் பிடி ஒத்துப்போகிறவர்களுக்கு அருமை, ஒத்துப்போகாதவர்களுக்கு விரலை உறுத்தும். வலி இருக்கிற கை உங்களுடையது, அதனால் கடையில் பத்து நிமிடமாவது பிடித்துப் பார்க்காமல் இதை வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் நோட்டையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் நிப்பை மைப்புட்டியில் முக்கித் தருவார், அவர் நீட்டும் வழவழப்பான தாளில் எந்தப் பேனாவும் வழுக்கிக்கொண்டு போகும். முக்கி எழுதும்போது மை அளவுக்கு மீறித்தான் வரும், அதை வைத்து மை ஓட்டத்தைக் கணிக்க முடியாது. நிப்பு கீறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ‘ஞ’, ‘ண’, ‘ஐ’ மூன்றையும் திரும்பத் திரும்ப எழுதுங்கள், வளைவில்தான் கீறல் தெரியும்.

சரி, வலிக்கு வருகிறேன். பால்பாயிண்டில் அந்தக் குண்டு உருண்டால்தான் மை வரும், உருள வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். மைப்பேனாவில் நிப்பின் நடுக்கீறல் வழியாக மை தானே இறங்கி வருகிறது, தாளில் பட்டதும் தாள் அதை உறிஞ்சிக்கொள்கிறது, உங்கள் கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் இத்தனை வருடம் அழுத்திப் பழகிய கை புதுப் பேனாவையும் அழுத்தும். நிப்பு விரிந்து வீணாவது பெரும்பாலும் இந்த முதல் மாதத்தில்தான். அதனால் முதலில் ஒரு கேம்லின் மைப்பேனா வாங்குங்கள், விலை குறைவு, போனாலும் மனம் தாங்கும். பேனாவை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டு அதன் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு கையில் தட்டுப்பட்டால் இன்னும் அழுத்துகிறீர்கள். பின்பக்கம் சமமாக இருக்கும் நாளில் மூவாயிரத்தை எடுங்கள்.

திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் மாதிரி எபோனைட்டில் கடைந்த பேனாக்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் அது, வேர்த்த கையிலும் பிளாஸ்டிக் போல நழுவாது. ஆனால் உடம்பிலேயே நேராக மை ஊற்றும் பேனாக்களில் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும், பேனா கக்கும் என்பார்களே, அது இதுதான். அரைப் பேனா மையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பேருந்தில் ஏறினேன், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, இறங்கும்போது சட்டையின் இடப்பக்கம் முழுவதும் நீலம். எபோனைட் பேனா வாங்கினால் பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள், மலையேறும் நாளில் முழுசாக நிரப்புங்கள் அல்லது காலியாக வையுங்கள்.

மை எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மைப்பேனாவுக்கென்று போட்டிருக்க வேண்டும். ஓவியத்துக்கான இந்தியன் இங்க் உள்ளே போனால் அதில் கலந்திருக்கும் அரக்கு இறுகி அடைத்துக்கொள்ளும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். சித்திரை, வைகாசியில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு யோசிக்காதீர்கள், நாலு நிமிடத்தில் நிப்பு காய்ந்துவிடும்.

மூன்று மாதம் அழுத்தாமல் எழுதியும் கட்டைவிரல் வலி குறையவில்லை என்றால் அடுத்த பேனாவைத் தேடாமல் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.