ஆரில் (R) ஆர்சிபிபி (Rcpp) ஓட விண்டோஸில் கம்பைலரை எப்படி அமைப்பது?

வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான்: உன்னிச்சைக் குளத்தின் நாளாந்த நீர்மட்டத்தை மாதிரியாக்கும் ஆர் மொழி ஸ்கிரிப்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறது, ஆருக்குள் சி பிளஸ் பிளஸ் நிரலை ஓடவிடும் ஆர்சிபிபி பொதியை முயன்றால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் இல்லை என்று பிழை வருகிறது.

சாதாரணமாக நான் ஒவ்வொரு நாளாகச் சுற்றும் லூப்பைத் தூக்கிவிட்டு, எல்லா நாளையும் ஒரேயடியாகக் கணக்கிடும் வெக்டர் கணக்காக எழுதத்தான் சொல்வேன். உங்கள் கணக்கில் இன்றைய மட்டம் நேற்றைய மட்டத்தில் தங்கியிருக்கிறது, அதனால் அது லேசில் சரிவராது. சி பிளஸ் பிளஸ் இதற்குப் பொருத்தம்தான்.

ஆர்சிபிபி பொதிக்குள் கம்பைலர் இல்லை. விண்டோஸுக்கு, கம்பைலர் அடங்கிய ஆர்டூல்ஸைத் (Rtools) தனியாக நிறுவ வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: ஆர் 4.3 என்றால் ஆர்டூல்ஸ் 43, 4.4 என்றால் 44. மாற்றிப் போட்டால் ஆர் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பு சில நூறு எம்பி வரும், ஃபோன் டேட்டாவில் இறக்காமல் கெம்பஸ் வைஃபையில் இறக்குங்கள். நிறுவும் இடத்தை மாற்ற வேண்டாம்; பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டர் தொல்லை தரும். கம்பைலர் இருக்கும் இடத்தைக் கணினிக்குக் காட்ட பழைய வழிகாட்டிகள் சொல்லும் பாத் (PATH) திருத்தமெல்லாம் ஆர்டூல்ஸ் 42இலிருந்து பெரும்பாலும் தேவையில்லை.

அப்புறம் ஆரை மூடித் திறந்து, ஆர்சிபிபியை ஏற்றி, இவால்சிபிபி (evalCpp) கட்டளைக்குள் மேற்கோள் குறியிட்டு 2 + 2 கொடுங்கள். முதல் தடவை சில வினாடி யோசிக்கும். 4 வந்தால் எல்லாம் சரி.

ஒன்று மட்டும்: ஆரில் முதல் நாளின் வரிசை எண் 1, சி பிளஸ் பிளஸில் 0. லூப்பை அப்படியே பெயர்த்தால் முதல் நாள் மழை கணக்கில் வராது, கடைசியில் குப்பை எண் வந்து நிற்கும். எனக்கு ஒரு முழு இரவு இதில்தான் போனது.